தலைவர் நிற்காத பாலம்

தாமான் ஸ்ரீ ரும்பியாவில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. தலைவர் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத எந்த நிகழ்ச்சியும் நடந்ததாகாது. நடக்காத ஒன்றைப் பற்றி யாரும் குழுவில் பேசக் கூடாது.

இதை யாரும் கூட்டம் போட்டு நிறைவேற்றவில்லை. மலாக்காவில், மெர்லிமாவிலிருந்து சுங்கை ரம்பாய்ப் பக்கம் போகும் வழியில், ஒரு காலத்தில் தோட்டமாக இருந்து துண்டு துண்டாக விற்கப்பட்ட நிலத்தில் எழுந்த ‘தாமான்’ எனப்படும் குடியிருப்பு அது. அங்குள்ள இரட்டை மாடி வரிசை வீடுகளின் சுவரில் மழைக்கால ஈரம் எப்படித் தானாக ஏறுகிறதோ, அப்படி ஏறிய விதி.

அதற்கு மூலகாரணம் ஒரு முதலை. சில ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர், சாலையின் குறுக்கே முதலை படுத்திருக்கும் படத்தை “நம்ம தாமான் வாசல், உஷார்” என்ற குறிப்போடு குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். முதலை வேறொரு கண்டத்தைச் சேர்ந்தது என்பது மறுநாள்தான் தெரியவந்தது. அதற்குள், படம் வந்த அன்று மாலை நடந்த தலைவர் காந்தனின் ஐம்பதாம் பிறந்தநாள் விருந்துக்கு ஓர் ஆள்கூட வரவில்லை. பிரியாணி அண்டாக்களுக்கு நடுவே தலைவர் மட்டும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் புவனேஸ்வரன் மேசையைத் தட்டினார். “இனிமே ஆதாரம் இல்லாம ஒண்ணும் போடக்கூடாது. ஆதாரம்னா என்ன? படத்துல நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு முகம் இருக்கணும். எல்லாருக்கும் தெரிஞ்ச முகம் யாரோடது?”

எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் நாணத்தோடு தரையைப் பார்த்தார்.

அன்று முதல் புதிய தெருவிளக்கு எரிந்தால் அதன் கீழே தலைவர் நின்றார். கொசுவுக்குப் புகை அடித்தால் புகைக்குள்ளிருந்து தலைவரின் கட்டைவிரல் மட்டும் உயர்ந்து தெரிந்தது. ஒருமுறை தலைவர் லங்காவியில் இருந்த சமயம் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் காலமானார். சவப்பெட்டியருகே தலைவர் நிற்க வழியில்லாததால், குழுவைப் பொறுத்தவரை அவர் மேலும் சில நாள் உயிரோடிருந்தார். இடையில் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட வந்தது.

விதியை மீறியவர் தங்கராஜு ஒருவர்தான். கால்வாய் அடைத்திருப்பதைத் தலைவர் இல்லாத வெறும் கால்வாயாகவே படம் எடுத்துப் போட்டார். குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பின் தண்ணீர்த் தடை எந்த நாளில், திருமணம் யார் வீட்டில் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமல் போயிற்று. துக்க வீடொன்றுக்கு அவர் பரிசுப் பொட்டலத்தோடு போய் நின்றதைப் பலரும் பார்த்தார்கள். இப்போது தெருவில் அவரைக் கண்டால், சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துப் புன்னகைப்பதுபோல் எல்லாரும் புன்னகைக்கிறார்கள்.

மெர்லிமாவில் டயர்க் கடையில் வேலைபார்க்கும் ரெஜினால்ட், தங்கராஜுவின் கதியை அடிக்கடி நினைத்துக்கொள்பவர். அவர் வீடு வரிசையின் கடைசி வீடு. மாடிச் சன்னலைத் திறந்தால் கீழே பாரிட் எனப்படும் பெரிய கால்வாயும், அதன் மேல் தாமானுக்குள் வரும் ஒரே பாலமும் தெரியும். இந்த ஒரு தகுதியால் அவர் ‘பேரிடர் தகவல் துணைக்குழுவின் களப் பார்வையாளர்’ ஆக்கப்பட்டார். அதற்கு விழா நடந்தது. செம்மஞ்சள் நிற மேலங்கி போர்த்தப்பட்டது. “என்ன செய்யணும் சார்?” என்று அவர் மேடையிலேயே கேட்டார்.

“பாக்கணும்” என்றார் செயலாளர்.

“பாத்துட்டு?”

“பாத்துட்டு எனக்குத் தெரிவிக்கணும். நான் தலைவருக்குத் தெரிவிப்பேன். தலைவர் நேர்ல வந்து நின்னு உறுதிப்படுத்துவாரு. அப்புறம்தான் குழுவுல வரும். நீங்க பாக்கறதோட சரி. அதுவே பெரிய பொறுப்பு.”

விழாப் படங்கள் அவருடைய கைபேசியில்தான் நன்றாக விழுந்திருந்தன. அவற்றைப் போடுவதற்காக அவரையும் குழு நிர்வாகிகளில் ஒருவராக ஆக்கினார்கள். பிறகு அதை எடுத்துவிட மறந்துபோனார்கள். மறக்காமல் செய்தது ஒன்று: தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்காகச் செய்த தலைவரின் ஆளுயர அட்டை உருவத்தை அவர் வீட்டு மாடியில் கொண்டுவந்து நிறுத்தியது. கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கும் அந்தத் தலைவர், ரெஜினால்டும் அவர் மனைவி அமுதாவும் படுக்கும் அறைக்கு வெளியே நின்றார். இரவில் தண்ணீர் குடிக்க எழும் அமுதா அவரைக் கண்டு இன்னமும் திடுக்கிடுவதுண்டு.

மலாக்கா நீரிணையில் புயல் உருவாகிறது என்று வானிலைத் துறை சில நாளாகவே சொல்லிவந்தது. புயலுக்கு முந்தைய மாலை தலைவரின் குரல்பதிவு குழுவில் வந்தது.

“அன்பார்ந்த தாமான் மக்களே! புயல் வரப்போவதாகச் சிலர் பேசிக்கொள்கிறார்கள். சிலர் என்று நான் குறிப்பிடுவது வானிலைத் துறையை. அவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்களில் ஒருவராவது நம் தாமானுக்கு வந்து நின்றதுண்டா? மலாக்காவுக்குப் புயல் வராது. சுமாத்திரா நமக்கு முன்னால் சுவர்போல் நிற்கிறது. என் தலைமைக் காலத்தில் அந்தச் சுவருக்கு எந்தச் சேதமும் ஏற்பட்டதில்லை என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.”

அதன் கீழே சாலை நிலவரப் பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. பாலத்துக்கு நேரே பச்சை வட்டம். ஆதாரமாக, நல்ல வெயிலில் பாலத்தின் நடுவே கட்டைவிரல் உயர்த்தி நிற்கும் தலைவரின் பழைய படம்.

மறுநாள் காலை அமுதா வழக்கம்போல் கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போனாள். அவள் போன சிறிது நேரத்தில் சுமாத்திரா என்னும் சுவரை ஏதோ ஒன்று தாண்டி வந்தது. பக்கத்து வரிசையின் கார் நிறுத்துமிடத் தகரம் தட்டுபோல் பறந்தது. டயர்க் கடை திறக்கவில்லை. மதியத்துக்குள் தண்ணீர் வாசற்படி ஏறி, சோபாவை நனைத்து, மாடிப்படியின் கீழ்ப்படிகளை ஒவ்வொன்றாக விழுங்கத் தொடங்கியது. மின்சாரம் போயிற்று. ரெஜினால்ட் மாதா சுரூபத்தையும் அரிசி டின்னையும், அமுதா தவணையில் வாங்கிய ஏர் பிரையரையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். மேலே ஏற்கெனவே தலைவர் நின்றிருந்தார்.

வெளியே போக வழியில்லை. கீழே போகவும் வழியில்லை. குழுவைத் திறந்தார். காலையில் யாரோ போட்ட ரோஜாப்பூ வணக்கத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. தாமான் முழுவதும் மாடிகளில் அடைபட்டுக்கொண்டு, மழை பெய்கிறதா என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னேரம் ரெஜினால்ட் சன்னலருகே நின்றிருந்தபோது பாலம் போயிற்று. காற்றின் இரைச்சலில் சத்தம்கூடக் கேட்கவில்லை. நடுப்பலகை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து, சாவகாசமாக உள்ளே இறங்கியது. இரு கரையிலும் கைப்பிடிக் கம்பிகள் நின்றன. அவற்றுக்கு நடுவே தண்ணீர் சாலையின் மட்டத்துக்கே ஓடியதால், அக்கரையிலிருந்து வருபவருக்கு அது கணுக்கால் அளவு நீர் தேங்கிய பாலமாகத்தான் தோன்றும். அக்கரையிலிருந்துதான் அமுதாவின் பஸ் வரவேண்டும்.

செல்கோபுரம் பாதி உயிரில் இருந்தது. பலமுறை முயன்றபின் செயலாளர் கிடைத்தார்.

“சார், பாலம் ஒடைஞ்சிருச்சு! நடுவுல ஒண்ணுமே இல்ல!”

“பாத்தீங்களா?”

“கண்ணால பாத்தேன் சார்.”

“ரொம்ப சந்தோஷம். உங்க கடமைய சிறப்பா செஞ்சிருக்கீங்க. இனி தலைவர் வந்து நின்னு உறுதிப்படுத்தணும்.”

“அவரு எங்க சார் நிக்கறது? நிக்கற எடம்தான் போயிருச்சே!”

“அதான் சிக்கல்” என்றார் செயலாளர், முதன்முறையாகக் கவலையோடு. “அதோட அவரு வீட்லயும் முட்டி வரைக்கும் பாஞ்சிர் தண்ணி.”

“அப்ப வெள்ளம் வந்திருச்சுன்னாவது போடுங்க சார். அந்த எடத்துலயே நின்னு ஒரு படம் எடுத்தா போதுமே?”

“நான் சொல்லிப் பாத்துட்டேன். தலைவர் நனைஞ்ச மாதிரி படம் வந்தா மக்கள் பயந்துருவாங்கன்னு சொல்றாரு. காய்ஞ்சப்புறம் எடுத்துக்கலாமாம்.”

“சார், என் வொய்ஃப் அந்த பஸ்ல வருது சார்.”

“புரியுது ரெஜினால்ட். அதனாலதான் சொல்றேன், நீங்க சம்பந்தப்பட்டவர். உங்க பார்வை நடுநிலையா இருக்காது.”

அழைப்பு அறுந்தது. ரெஜினால்ட் பஸ் ஓட்டும் கணேஸ்வரனுக்குப் பாலத்தைப் படம் எடுத்துத் தனியாக அனுப்பினார். தோட்டத்துச் செம்மண் பாதை வழியாகச் சுற்றிப் பின்பக்கம் வந்தால் மேட்டுநிலம், ஆபத்தில்லை என்றும் எழுதினார். கணேஸ்வரனின் குரல்பதிவு, வைப்பரின் சத்தத்தோடு வந்து சேர்ந்தது.

“அண்ணே, நான் உங்கள நம்புறேன்லா. ஆனா படத்துல தலைவரக் காணோமே? போன மாசம் யாரோ அனுப்புன படத்த நம்பி தோட்டம் வழியா சுத்திட்டேன். சூப்பர்வைசர் என்னைக் கிழிச்சித் தொங்கவிட்டான். அவனும் நம்ம குழுவுலதான் இருக்கான். குழுவுல பாலம் பச்சைன்னு கெடக்கு, நான் என்னத்தச் சொல்லிச் சுத்துறது? நீங்க குழுவுல போடச் சொல்லுங்க. போட்ட அடுத்த நிமிசம் திருப்பிர்றேன்.”

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து காளியம்மா சன்னல் கம்பிக்குள் முகத்தைப் பதித்துக் கூவினாள். கணவரை இழந்தபின் தனியாகக் குயே பலகாரம் விற்றுப் பிழைப்பவள். குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

“ஏம்பா ரெஜினால்ட்! பாலம் போயிருச்சா?”

“அங்கேர்ந்து தெரியலயா அக்கா?”

“தெரியுது. அதான் கேக்குறேன். போயிருச்சா?”

“நான் சொல்லக்கூடாதுக்கா. நான் பார்வையாளர்.”

“ஆமாவா? குழுவுலயும் ஒண்ணும் வரலியே.” காளியம்மா பாலம் இருந்த இடத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். “சரி, அப்ப இருக்கும்.”

செயலாளர் சும்மா இருக்கவில்லை. சற்று நேரத்தில் அவரே அழைத்தார். குரலில் ஒரு கண்டுபிடிப்பாளனின் பூரிப்பு.

“ரெஜினால்ட், தலைவர் உங்க வீட்டு மாடியிலயே இருக்காருல்ல?”

“யாரு சார்?”

“அட்டைத் தலைவர்! அவர சன்னலுக்கு வெளிய, பால்கனியில நிப்பாட்டுங்க. பின்னால பாலம் தெரியற மாதிரி ஒண்ணு எடுங்க. நான் தலைவர்கிட்ட பேசிட்டேன். அவரு கொள்கையளவுல ஒத்துக்கிட்டாரு. ஆனா முகத்துல மழைத் துளி படக்கூடாது.”

ஒருவர் வாழ்க்கையில் வேறு வழியே இல்லாதபோது மடத்தனம்கூட வழியாகத் தெரியும். ரெஜினால்ட் மேலங்கியை மாட்டிக்கொண்டார். அட்டைத் தலைவரை இடுப்பில் அணைத்துத் தூக்கி, கதவைத் திறந்து, பால்கனிக்குக் கொண்டுவந்தார். காற்று அவர்கள் இருவரையும் ஒரே ஆளாகக் கருதித் தாக்கியது. ஒரு கையால் தலைவரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கைபேசியை உயர்த்தினார். அந்தப் படத்தில் தலைவரின் காதும் ரெஜினால்டின் முழங்கையும் மட்டுமே விழுந்தன. இன்னொன்று எடுக்க அவர் விரலைத் தளர்த்திய கணத்தில் தலைவர் கிளம்பிவிட்டார்.

முதலில் உயரே போனார். காளியம்மா வீட்டுச் சன்னலுக்கு நேரே ஒரு கணம் நின்றார். அவள் பழக்கதோஷத்தில் வணக்கம் சொன்னாள். பிறகு மல்லாந்து பாரிட்டில் விழுந்து, கட்டைவிரல் வானத்தைப் பார்க்க, பாலம் இருந்த இடைவெளிக்குள் எந்தத் தடையுமின்றி நுழைந்து மறுபக்கம் போய்விட்டார். ரெஜினால்டின் விரல் தன்னையறியாமல் கைபேசியை அழுத்தியது. பாலம் இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் இருக்க முடியாது. உடனே அதைச் செயலாளருக்கு அனுப்பினார்.

“என்ன இது?” மறுநிமிடமே அழைத்த செயலாளரின் குரல் உடைந்திருந்தது.

“படத்துல தலைவர் இருக்காரு சார். பாலம் இல்லாததும் தெரியுது. போடுங்க சார், சீக்கிரம்.”

“தலைவர் தண்ணியில அடிச்சிட்டுப் போறாரு!”

“ஆமா சார். பாலம் இருந்தா தட்டியிருக்கும்ல?”

“இத வெளிய விட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? அந்த அட்டை தலைவர் கையெழுத்துப் போட்டு வாங்கின சங்கச் சொத்து. யாரும் எதுவும் போட முடியாத மாதிரி நான் குழுவ மூடுறேன். நிர்வாகிங்க மட்டும்தான் இனி. குழப்பம் வேணாம்.”

சொன்னபடியே குழு மூடப்பட்டது. மூடிய குழுவில் தலைவரின் குரல் ஒலித்தது. பின்னணியில் எங்கோ தண்ணீர் தளும்பும் ஓசை.

“அன்பு மக்களே! இன்றைய இலேசான தூறல் குறித்துச் சிலர் பதற்றமடைந்திருப்பதாக அறிகிறேன். நானும் உங்களைப் போலவே என் இல்லத்தில், மேசைமீது அமர்ந்து, நிலைமையை உயரத்திலிருந்து கண்காணித்து வருகிறேன். தலைமை என்பது உயரத்தில் இருப்பது. பாலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் நின்ற இடம் எதுவும் இதுவரை விழுந்ததில்லை. தொழிற்சாலை பஸ்கள் வழக்கம்போல் வரலாம். ஏதேனும் நேர்ந்தால் முதல் ஆளாக நான் வந்து நின்று படம் எடுத்துக்கொள்வேன் என்று உறுதி கூறுகிறேன்.”

ரெஜினால்ட் அந்தக் கடைசி வாக்கியத்தை மறுபடி கேட்டார். அமுதாவின் பெட்டியருகே அவர் நிற்கும் படம் மனக்கண்ணில் எழுந்தது.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கைபேசி அதிர்ந்தது, அமுதா. பஸ்ஸுக்குள் பெண்கள் கூச்சலிடுவது கேட்டது.

“என்னங்க, மெர்லிமாவ் சிக்னல் லாம்பு தாண்டிட்டோம். வீட்ல தண்ணியா?”

“அமுதா, பஸ்ஸ நிறுத்தச் சொல்லு! பாலம் இல்ல! ஒடைஞ்சிருச்சு!”

“கணேசு சொன்னாரு, நீங்க என்னமோ படம் அனுப்புனீங்கன்னு. நான் கத்திட்டுத்தான் இருக்கேன், யாரு கேக்குறா? இப்பத்தான் தலைவர் வாய்ஸ் வந்துச்சு, பாலம் நல்லா இருக்குன்னு. எல்லாருக்கும் பிள்ளைங்க வீட்ல தனியா கெடக்குது, சீக்கிரம் போ போன்னு அவர வெரட்டுறாங்க. போன தடவ முதலையையும் உன் புருசன்தானே மொதல்ல நம்புனாருன்னு சிரிக்கிறாங்க.”

“நான் பொய் சொல்வேனா?”

“நான் நம்புறேங்க. நான் நம்பி என்ன பிரயோசனம்? குழுவுல போடுங்க.”

“நான் போட முடியாது. நான் பார்வையாளர்தானே. பாக்கத்தான்...”

மறுமுனையில் பெண்களின் ‘போ போ’ என்ற கூச்சல் கேட்டது.

“சரிங்க” என்றாள் அமுதா. கோபம் துளியும் இல்லாத குரல். “அப்ப நான் தண்ணியில போறதையும் நல்லாப் பாத்துக்குங்க.”

அழைப்பு அவளாக வைத்ததா, அறுந்ததா என்று தெரியவில்லை.

ரெஜினால்ட் குழுவைத் திறந்தார். நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்ற அறிவிப்பு மற்ற எல்லாருடைய திரையிலும் இருந்திருக்கும். அவருடைய திரையில் எழுதும் கட்டம் வெறுமையாக, திறந்து கிடந்தது. யாரோ எடுத்துவிட மறந்த அந்தச் சிறு சதுரத்தைப் பார்த்தபோது, அவருக்கு முதலில் தோன்றியது தங்கராஜுவின் முகம்தான்; துக்க வீட்டு வாசலில், கையில் பரிசுப் பொட்டலத்தோடு.

தாமானுக்கு வெளியே, செம்பனை வரிசைகளுக்கு அப்பால், இரண்டு விளக்குகள் மழையைத் துளைத்துக்கொண்டு வளைவு திரும்பின.

அவர் பாலத்தைப் படம் எடுத்தார். யாரும் நிற்காத, யாரும் மிதக்காத, வெறும் இடைவெளி. அதைக் குழுவில் போட்டார். கீழே எழுதினார்: “பாலம் போயிருச்சு. கணேஸ், பஸ்ஸ நிறுத்து. தோட்டம் வழியா சுத்து.”

மறுநொடி பக்கத்து மாடியிலிருந்து அலறல் எழுந்தது.

“ஐயய்யோ! பாலம் போயிருச்சாம்லா! குழுவுல வந்திருச்சு!” மதியத்திலிருந்து அந்தப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்த காளியம்மா, கைபேசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாரியம்மனை அழைத்தாள். அடுத்தடுத்த வீடுகளிலும் அதே கூக்குரல் தொற்றிக்கொண்டு போயிற்று. கணுக்காலோ முட்டியோ இடுப்போ வரை நனைந்து மாடியேறியிருந்த தாமான் மக்கள், வெள்ளம் வந்துவிட்ட செய்தியை அப்போதுதான் அறிந்தார்கள்.

அக்கரை விளக்குகள் கைப்பிடிக் கம்பிக்குச் சற்றுத் தொலைவில் நின்றன. நின்றபடியே இருந்தன. பிறகு, மிக மெதுவாக, பின்னால் நகரத் தொடங்கின.

ரெஜினால்ட் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கையில் கைபேசி ஒலித்தது. செயலாளர் எல்லாரும் பார்க்க, குழுவிலேயே கேட்டிருந்தார்.

“களப் பார்வையாளர் கவனத்திற்கு. தாங்கள் வெளியிட்ட படத்தில் தலைவர் எங்கே?”

ரெஜினால்ட் நனைந்த மேலங்கியைக் கழற்றி, அட்டைத் தலைவர் நின்றிருந்த இடத்தில் போட்டார். ஈரவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க, குழுவிலேயே பதில் எழுதினார்.

“படத்துல தலைவர் இல்ல சார். பாலமும் இல்ல.”